வீட்டார் நால்வரும் இருந்த கடதாசி

1

இரண்டு மாதமாக எங்கள் ஊர் பேசாலையிலிருந்து எனக்குக் கடதாசிப் படம் வரவில்லை.

என் அப்பாவுக்கு எழுத்துத் தெரியாது. கடற்றொழில். எங்கள் குடும்பத்தில் ஐந்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். கடற்றொழிலாளர் சங்கத்திலிருந்தோ பிரதேச செயலகத்திலிருந்தோ எது வந்தாலும் வாசித்துச் சொல்வது எட்டு வயதிலிருந்து என் வேலை. லண்டனுக்கு வந்து ஆறு வருடமாகியும் அந்த வேலை கைமாறவில்லை. தங்கச்சி ரெஜினா படமெடுத்து அனுப்புவாள். ஞாயிற்றுக்கிழமை அங்கே மத்தியானம், இங்கே எனக்கு விடிந்து சிறிது நேரம், அப்பா கடதாசியைக் கையில் வைத்துக்கொண்டு தொலைபேசியில் இருப்பார். ரெஜினாவுக்கும் நன்றாக வாசிக்கத் தெரியும். ஆனாலும், “அண்ணன் வாசிக்கட்டும்” என்பார்.

அப்பா வரிகளை எண்ணுவார். எழுத்துத் தெரியாதே தவிர, வரி எது என்று தெரியும். ஒவ்வொரு வரி முடிவிலும் நான் நிறுத்த வேண்டும். அவர் விரல் ஒரு வரி கீழே இறங்கும். ஒன்பது வயதில் ஒருமுறை சங்கக் கடிதத்தின் கடைசி வரியை விட்டுவிட்டேன்.

“பதினொரு வரி இருக்கு. நீ பத்துத்தான் வாசிச்சனி.”

“அது ஆர் எழுதினது எண்டு போட்டிருக்கிற வரி அப்பா. தேவையில்லை.”

“அதையெல்லோ முதல் கேக்கோணும்” என்றார்.

அதற்குப் பிறகு நான் ஒரு வரியையும் விட்டதில்லை. அப்பாவுக்கு வாசித்ததில்.

2

போன வருடம் வரை நான் ரெய்னர்ஸ் லேனில் ஒரு பாலஸ்தீனக் குடும்பத்தின் மேல்மாடி அறையில் இருந்தேன். வேலை ஒரு மருத்துவமனையின் ஆய்வுகூடத்தில். இரத்தக் குழாயில் ஒட்டியிருக்கும் பெயரும் பிறந்த திகதியும் படிவத்தில் உள்ளதோடு பொருந்துகிறதா என்று பார்ப்பேன். ஒரு எழுத்துப் பிசகினாலும் குழாய் திரும்பிப் போகும். இப்படியான வேலை செய்கிற ஒருவன் செய்த காரியத்தைத்தான் எழுதப் போகிறேன்.

வீட்டுக்காரரின் பெயர் சயீத் சாலிஹ். அவரை அப்படி யாரும் கூப்பிடுவதில்லை. அவர்களிடம் மூத்த மகனின் பெயரால்தான் தகப்பனை அழைப்பார்கள். மகன் சமீர், ஆகவே அவர் அபு சமீர், சமீரின் தகப்பன். மனைவி உம்மு சமீர். அபு சமீர் லெபனான் அகதி முகாம் ஒன்றில் பிறந்தவர், ஒன்பது வயதில் பள்ளிக்கூடத்தை விட்டுச் சாந்து குழைக்கப் போனவர். லண்டனிலும் இருபத்தைந்து வருடம் சுவருக்குச் சாந்து பூசியே முழங்கால் தேய்ந்தது. என் பெயர் அன்ரன். அவருக்கு அது ‘அன்தூன்’ என்றுதான் வரும். நாங்கள் பேசியது அவருடைய இங்கிலிஷும் என்னுடைய இங்கிலிஷும். இரண்டுமே இரவல். எனக்குள் அது எங்கள் ஊர்த் தமிழாகத்தான் கேட்டது, அப்படியே எழுதுகிறேன்.

அவருக்கு இங்கிலிஷ் வாசிக்க ஏலாது. ஆனால் வீட்டிலுள்ளவர்களின் பெயர்களை உருவத்தால் தெரியும். காலையில் தபாலைப் பிரித்து அடுக்குபவர் அவர்தான்: இது எனக்கு, இது மனிசிக்கு, இது சமீருக்கு, இது அன்தூனுக்கு. சிக்கல் ஒன்றுதான். அவரும் எஸ். சாலிஹ், மகனும் எஸ். சாலிஹ். உறையில் எஸ் மட்டும் இருந்தால் அவரே உடைப்பார்.

நான் குடிவந்த மூன்றாம் கிழமை, கவுன்சில் கடிதம் ஒன்றை மேசையில் வைத்தார். சமீர் எட்டிப் பார்த்து, “ஒண்டுமில்லை, குப்பைத் தொட்டி மாத்தினமாம்” என்று சொல்லிவிட்டுப் போனான். கிழவர் அவன் போகும்வரை காத்திருந்து தாளை என் பக்கம் தள்ளினார்.

“ரெண்டு பக்கம் எழுதியிருக்கு. குப்பைத் தொட்டிக்கு ரெண்டு பக்கமோ?”

நான் ஊர்ப் பழக்கத்தில் வரிக்கு வரி நிறுத்தி நிறுத்தி வாசித்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முடிந்ததும், “இண்டையிலிருந்து நீதான் வாசிக்கிறாய்” என்றார். இங்கே முதல்முதலாக என்னை நம்பி ஒரு வேலை தந்தவர் அவர்தான். ஆய்வுகூடத்தில் கூட என் வேலையை இன்னொருவர் சரிபார்ப்பார்.

3

சமீரும் நானும் ஒரே வயது. நல்ல கூட்டாளி என்றுதான் நினைத்திருந்தேன். ரானா என்ற பெண்ணை விரும்பினான். படிக்க வந்த பிள்ளை, அக்டனில் மாமா வீட்டில் இருந்தாள். மாமா டொக்டர், தாய் வழியில் பெரிய குடும்பம். இரண்டு வீட்டுக்கும் சம்மதம். சண்டை வந்தது ஜாஹாவில்.

ஜாஹா என்றால், மாப்பிள்ளை பக்கத்து ஆண்கள் கூட்டமாகப் போய் முறைப்படி பெண் கேட்பது. பெண் வீட்டார் கோப்பி வைப்பார்கள். தொடக்கூடாது. தலைமை ஆள் எழும்பி, “நாங்கள் கேட்டு வந்ததைத் தராமல் உங்கடை கோப்பியைக் குடிக்கமாட்டம்” என்று பேச வேண்டும். அவர்கள் “தந்தாச்சு, குடியுங்கோ” என்ற பிறகுதான் கோப்பை வாய்க்குப் போகும்.

அபு சமீருக்கு இது உயிர். முகாமில் அவருடைய கல்யாணத்துக்கு நாற்பது பேர் போனார்களாம். லண்டனில் நாற்பது பேருக்கு எங்கே போவது?

“பேசுறதுக்கு ஒரு பெரியவர் வேணும்” என்றார் ஒருநாள் சாப்பாட்டு மேசையில்.

“பெரியவர் எல்லாரும் ஒண்டில் செத்துப் போச்சினம், இல்லாட்டி ஜெர்மனியிலை இருக்கினம்” என்றான் சமீர்.

“அப்ப நானே பேசுறன்.”

“நீங்கள் பேசத்தான் போறியள் எண்டு எனக்கு முதலே தெரியும்.”

அதற்குப் பிறகு இரண்டு பேரும் நேருக்கு நேர் கதைப்பதை விட்டுவிட்டார்கள். ஒரே அடுப்படியில் நின்றுகொண்டு, “அன்தூன், உன்ரை சிநேகிதனிட்டைச் சொல்லு, கறுப்புச் சப்பாத்து போடச்சொல்லி” என்பார். “அன்ரன், அவரிட்டைச் சொல்லு, எனக்கு முப்பது வயசு எண்டு” என்பான் அவன். உம்மு சமீர் தேநீரை மூன்று பேருக்கும் ஊற்றிவிட்டு, “நல்ல காலம் வாடகைக்கு ஆள் வைச்சம்” என்பா.

சமீரின் கோபம் வேறு இடத்திலிருந்து வந்தது. ஒருநாள் ஸ்டேஷனுக்கு நடக்கையில் சொன்னான். பத்து வயதில் அவன்தான் தகப்பனுக்கு வாய். அகதித் தஞ்ச அலுவல்களுக்குக் குரோய்டன் குடிவரவுக் கந்தோருக்குப் போகும்போதெல்லாம் பள்ளிக்கூடத்தை மறித்து அவனைக் கூட்டிப் போவார். ஒரு தடவை கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் கேட்ட கேள்விக்கு, முகாமை விட்டு வெளிக்கிட்ட வருடத்தை ஒன்று மாற்றிச் சொல்லிவிட்டான். அந்த ஒரு வருடத்தைத் திருத்த இரண்டு வருடம் போனது. பிழை தெரியவந்த அன்று, ட்ராம் நிற்கும் இடத்தில் அத்தனை சனத்துக்கு முன்னால் தகப்பன் அறைந்தார்.

“இருபது வருசம் அவற்றை கடதாசி வாசிச்சிட்டன். இனி உன்ரை முறை. கவனமா இரு” என்று சிரித்தான்.

4

வசந்தம் தொடங்கிய ஒரு சனிக்கிழமை, கோட்டுப் போட்டுக்கொண்டு வா, ஒரு மணித்தியால வேலை என்று கூப்பிட்டான். போன இடம் கல்யாணப் பதிவுக் கந்தோர். ரானாவின் படிப்பு விசா முடியப் போகிறது, பதிவு செய்தால்தான் அடுத்த விண்ணப்பம் போடலாம். இரண்டு சாட்சி வேண்டும். ஒரு சாட்சி ரானாவின் மாமா. மற்றது நான்.

“அப்பா வரேல்லையோ?” என்று கேட்டேன். கேட்டேன் என்பதை இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

“அவருக்குத் தெரியும். ஆனா அவருக்கு இது கல்யாணமில்லை, கடதாசி. அதாலை வரேல்லை.”

அது அபு சமீர் சொல்லக்கூடிய பேச்சாகவே இருந்தது. பெண்ணின் மாமாவே பக்கத்தில் நிற்கிறார். நான் கையெழுத்திட்டேன். தாய் தகப்பனின் பெயர் என்ன, தகப்பனின் தொழில் என்ன என்று பதிவாளர் கேட்டபோது, “சாந்து வேலை” என்று சமீர் பதவிசாகச் சொன்னான். வெளியே வந்து நாலு பேரும் கோழி சாப்பிட்டோம். வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. கடதாசிதானே என்று நானும் பேசவில்லை.

ஜாஹாவுக்கு நாள் குறித்தாகிவிட்டது. அபு சமீர் எண்ணி எண்ணிப் பதினொரு பேரைச் சேர்த்திருந்தார்.

“நீ பன்னிரண்டாவது” என்றார் என்னிடம்.

“நான் வேதக்காரன், அபு சமீர். மாதா கோயிலுக்குப் போறவன்.”

“முடிவிலை குர்ஆன் பாத்திஹா ஓதேக்கை கையை விரிச்சு வைச்சு வாயை அசை. நீ என்ன சொல்லுறாய் எண்டு அல்லாவுக்கு மட்டும்தான் தெரியும். அவர் ஒருத்தரிட்டையும் சொல்லமாட்டார்.”

ஜாஹாவுக்கு இரண்டு நாள் முன்பு, வியாழக்கிழமை, நான் வேலையால் வர நாலு மணி இருக்கும். அடுப்படி மேசையைத் துடைத்து, ஒரு துவாயை விரித்து, அதன்மேல் தடித்த தாள் ஒன்றை வைத்துக்கொண்டு அவர் காத்திருந்தார். பூவேலை அச்சடித்த தாள், மேலே அரசாங்கச் சின்னம். எஸ். சாலிஹ் என்று போட்ட உறையில் வந்திருக்கிறது.

“அன்தூன், இஞ்சை பார். இது என்ரை பேர். இது மனிசியின்ரை. இது சமீர். கீழை வா, இது நீ. வீட்டிலை இருக்கிற நாலு பேரும் ஒரே கடதாசியிலை. நல்ல விசயமோ, கெட்ட விசயமோ?”

கல்யாணப் பதிவுச் சான்றிதழ். பொருந்தாதது எதுவும் அதில் இல்லை. பெயர்கள், திகதிகள், எல்லாம் சரி. நான் தலையை நிமிர்த்தி அவர் முகத்தைப் பார்த்தேன். அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, அவருக்குத் தெரியாது என்று.

அந்த நேரத்தில் எனக்கு இரண்டு வழி இருந்தது என்று இன்றைக்கு எழுதலாம். அன்றைக்கு ஒன்றுதான் தெரிந்தது. ஜாஹாவுக்கு இரண்டு நாள்; கிழவர் கோட்டை ஸ்திரிக்கைக்குக் குடுத்துவிட்டு வந்து இருக்கிறார்.

“வீட்டாக்களின்ரை பதிவு” என்றேன். “இந்த விலாசத்திலை ஆர் ஆர் இருக்கினம் எண்டு போட்டிருக்கு. ஒண்டும் செய்யத் தேவையில்லை.”

அவர் என் பெயரின் மேல் விரலை வைத்தார். சாந்து தின்ற நகம்.

“அப்ப அரசாங்கமே உன்னை எங்கடை வீட்டு ஆள் எண்டு எழுதிப் போட்டுது” என்றார்.

ஐந்து மணிக்குச் சமீர் வந்ததும் அவனை அறைக்குள் இழுத்துக் கேட்டேன்.

“அவருக்குத் தெரியும் எண்டு சொன்னனி.”

“சொல்லியிருந்தா ஜாஹாவை நிப்பாட்டியிருப்பார். இன்னும் ரெண்டு நாள். பிறகு நானே சொல்லுறன். கடதாசி எங்கை?”

“அவரிட்டை.”

“எடுத்துத் தா.”

“நீ எடு. உன்ரை அப்பா” என்றேன். அவன் தேடிப் பார்த்திருக்கிறான், கிடைக்கவில்லை. நானும் இரண்டு நாள் வாயைத் திறக்கவில்லை.

5

அக்டன் வீட்டு வரவேற்பறையில் பன்னிரண்டு பேரும் சுவரோரமாக இருந்தோம். பெண்கள் உள்ளறையில். சிறிய கோப்பைகளில் கோப்பி வந்து, ஆவி பறக்க, தொடப்படாமல் இருந்தது. சமீர் கறுப்புச் சப்பாத்துத்தான் போட்டிருந்தான்.

அபு சமீர் ஒவ்வொருவராகப் பெயரும் பூர்வீக ஊரும் சொல்லி அறிமுகப்படுத்தினார். அந்த ஊர்களில் பாதி இப்போது இல்லை என்று முன்பே எனக்குச் சொல்லியிருக்கிறார். கடைசியாக என்னிடம் வந்தார். மாமா அதற்குள் சிரித்துவிட்டார்.

“அன்ரனைத் தெரியாதோ? அதே கோட்டு.”

அபு சமீருக்கு விளங்கவில்லை. ஆனால் அவர் சந்தோசமாக இருந்தார். ஒரு வெளிநாட்டுப் பெடியனை ஜாஹாவுக்குக் கொண்டுவந்ததற்குக் கேலி செய்கிறார் என்று நினைத்தாரோ என்னவோ, நெஞ்சுப் பைக்குள் கையை விட்டார்.

“இவன் வாடகைக்கு இருக்கிறவன் இல்லை. என்ரை வீட்டு ஆள். நான் சொல்லேல்லை, பிரிட்டிஷ் அரசாங்கம் சொல்லுது” என்று, நான்காய் மடித்த தாளை மாமாவிடம் நீட்டினார்.

நான் எனக்கு முன்னாலிருந்த கோப்பையைப் பார்த்தேன்.

மாமா கண்ணாடியைப் போட்டு வாசித்தார். சாட்சிகளின் பெயரில் முதலாவது அவருடையது. வாசித்து முடித்தவர் அபு சமீரைப் பார்க்கவில்லை. சமீரைப் பார்த்து அரபியில் மூன்று நாலு சொல் சொன்னார். அந்த அறையில் அது விளங்காத ஒரே ஆள் நான்தான். உம்மு சமீர் பிறகு எனக்குச் சொன்னா. அவர் கேட்டது: “பதிவை நீ இன்னும் அவருக்குச் சொல்லேல்லையோ?” பதிவு நடந்த அன்றே சொல்லிவிடுவதாகச் சமீர் அவருக்கு வாக்குக் குடுத்திருந்தானாம்.

அபு சமீர் தாளைத் திருப்பி வாங்கினார். மடித்தார். மகனைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். பெயர்கள் நாலும் எதற்காக ஒன்றாக இருந்தன என்பதை அவர் தனியாக வாசித்து முடித்தார்.

கத்துவார் என்று நினைத்தேன். எழும்பி நின்று கோட்டுப் பொத்தானைப் போட்டார். ஒரு மாதமாக அடுப்படியில் எனக்கு முன்னால் ஒத்திகை பார்த்த பேச்சை, ஒரு சொல் விடாமல், முழுக்கப் பேசினார். ஏற்கனவே மருமகளான பெண்ணைத் தன் மகனுக்குத் தரும்படி கேட்டார். தராமல் கோப்பியைக் குடிக்கமாட்டோம் என்றார். மாமா எழும்பி நின்றார். “தந்தாச்சு, குடியுங்கோ” என்றார். எல்லோரும் கையை விரித்தோம். நான் வாயை அசைக்கவில்லை.

கோப்பி ஆறிப்போயிருந்தது. கிழவர் ஒரே மடக்கில் குடித்தார்.

6

மறுநாள் காலை, முதல் நாள் வந்து கிடந்த தபாலை வழமைபோல் பிரித்தார். எனக்கு வந்த ஒன்றை என் பக்கம் வைத்தார். தன்னுடையவற்றை உடைக்காமல் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

“உங்களுக்குத் தெரியும் எண்டு சமீர் சொன்னவன், அபு சமீர். நான் நம்பித்தான் கையெழுத்துப் போட்டனான்.”

“அது சரியா இருக்கும். வியாழக்கிழமை வாசிச்சது?”

நான் எனக்கு வந்த உறையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“சமீர் பொய் சொன்னது எனக்கு விளங்குது” என்றார். “அவனை நான் சின்ன வயசிலை குரோய்டனுக்கு இழுத்துக்கொண்டு போனனான். அடிச்சனான். அவன் எனக்கு இதைச் செய்யலாம். உனக்கு நான் என்ன செய்தனான், அன்தூன்?”

அந்த ஞாயிறு பின்னேரம், மாதக்கணக்கில் முதல் தடவையாகத் தகப்பனும் மகனும் அறையைச் சாத்திக்கொண்டு கதைத்தார்கள். கதவுக்கு வெளியே என் பெயர் மூன்று தரம் கேட்டது. அடுத்த நாள் உம்மு சமீர் துவைத்த உடுப்பைத் தரும்போது, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னா: “ஜாஹா முடியட்டும், பிறகு சொல்லலாம் எண்டு நீதான் புத்தி சொன்னியாம்.”

சமீரைத் தோட்டத்தில் பிடித்தேன். அவன் மறுக்கவில்லை.

“நீ வேறை அறை பாத்துப் போயிடுவாய், அன்ரன். எனக்கு வேறை அப்பா இல்லை.”

கல்யாண வேலை மும்முரமானது. மண்டபம், மேளக்காரர், உறவினருக்கு மேலறை தேவை. அந்தக் காரணத்தைத்தான் எனக்குச் சொன்னார்கள். நான் ஈஸ்ட் ஹாமில் ஓர் அறைக்கு வந்தேன். அழைப்பிதழ் தபாலில் வந்தது, என் பெயரில் எழுத்துப் பிழை ஒன்றுமில்லாமல். நான் போகவில்லை. தகப்பனும் மகனும் தோள்மேல் கைபோட்டு ஆடுகிற படத்தை யாரோ அனுப்பியிருந்தார்கள். பிரிந்தவர்கள் சேர்ந்ததில் எனக்குச் சந்தோசம்தான். அதற்கு நான் தேவைப்பட்ட விதத்தைத்தான் இன்றுவரை செரிக்க முடியவில்லை.

7

இதை ஒருவருக்கும் சொல்லாமல் ஒரு வருடம் வைத்திருந்தேன். இரண்டு மாதத்துக்கு முன், ஒரு ஞாயிறு, சங்கக் கடதாசியை வாசித்து முடித்த பிறகு அப்பாவிடம் சொன்னேன். ஒரு கூட்டாளி என்னை எப்படி ஏமாற்றினான் என்றுதான் சொன்னேன். அப்பா என் பக்கம் நிற்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் முழுக்கக் கேட்டார்.

“அந்தக் கடதாசியை நீ அந்த மனிசனுக்கு எப்பிடி வாசிச்சனி? வரியை விட்டனியோ, மாத்தினியோ?”

“மாத்தினனான், அப்பா.”

அப்பா கடதாசியை மடிக்கிற சத்தம் கேட்டது.

“வரியை விட்டால் நான் எண்ணிப் பிடிச்சிடுவன்” என்றார். “மாத்தினால் எனக்கு எப்பிடித் தம்பி தெரியும்?”

“உங்களுக்கு நான் ஒருநாளும் மாத்தேல்லை.”

“சரி, தம்பி.”

நான் சொன்னது உண்மை. அதைக் காட்டுவதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை, சரிபார்ப்பதற்கு அவரிடமும் ஒன்றும் இல்லை. அடுத்த ஞாயிறு படம் வரவில்லை. அதற்கடுத்ததும்.

இன்று காலை வந்தது. சங்கக் கடிதம், பதினாலு வரி. பெரிதாக்கிப் பார்த்தேன். ஒவ்வொரு வரியின் ஓரத்திலும் இரண்டு புள்ளி, ஒன்று பென்சில், மற்றது நீல மை. கீழே ரெஜினா எழுதியிருந்தாள்:

“அண்ணா, அப்பா இதைப் பள்ளிக்கூட மாஸ்டரிட்டைக் கொண்டுபோய், வரிக்கு ஒரு புள்ளி வைச்சு வாசிப்பிச்சவர். பிறகு கோயிலிலை பங்குச் சுவாமியிட்டையும் அப்பிடியே வாசிப்பிச்சவர், ரெண்டு பேரும் ஒண்டையே சொல்லினமோ எண்டு பாக்க. நீயும் ஒருக்கா வாசிச்சு எனக்குச் சொல்லு. நீ வாசிச்சதெண்டு அப்பாவுக்குச் சொல்லமாட்டன்.”